புதுப்பிப்பு: முறுக்குக் கடை இணையத்தளம், அக்காவிடம் சொல்லியாயிற்று

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் முறுக்கு விற்கும் அக்காவின் இணையத்தளத்தில் உள்ள குறைகளை, அவர் மனம் நோகாமல் எப்படிச் சொல்வது என்று கேட்டிருந்தேன். பதில் எழுதிய எல்லாருக்கும் நன்றி.

"நீ ஒன்றும் சொல்லாதே, கைப்பேசியைக் கொடுத்து அவரையே ஆர்டர் போடச் சொல்" என்று ஒருவர் எழுதியிருந்தாரே, அதுதான் பலித்தது. மாவு பிழியும் படங்கள் அழகு என்று முதலில் சொன்னேன் (உண்மையும் அதுதான்), அப்புறம் கடை வாசல் வெயிலில் நின்று ஒரு பாக்கெட் ஆர்டர் செய்யுங்கள் அக்கா என்றேன். மஞ்சள் பின்னணியில் வெள்ளை எழுத்து, கண்ணைச் சுருக்கிப் பார்த்துவிட்டு "என்ன தம்பி இது, விலையே தெரியலையே" என்று அவரே சொல்லிவிட்டார். எழுத்தைக் கரும்பழுப்பாக்கினோம். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளிர்வு வேறுபாடு (contrast) இருக்க வேண்டும் என்பது இணைய அணுகல் வழிகாட்டி சொல்லும் கணக்கு.

எதிர்பாராதது வாட்ஸ்அப் பொத்தான். இணைப்பில் எண் 012 என்று தொடங்கியதால் அரட்டை திறக்கவே இல்லை. கூட்டல் குறி, முன் சுழியம், இடைக்கோடு எதுவும் இல்லாமல், மலேசியாவின் நாட்டுக் குறியீடான 60 சேர்த்து 6012 என்று தொடங்க வேண்டும். ஆர்டர் வராததற்குப் பாதிக் காரணம் இதுவாகத்தான் இருக்கும், நாம் நிறத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

முகப்பில் ஓடும் எழுத்தை மட்டும் எடுக்க விடவில்லை, தீபாவளி வரைக்கும் இருக்கட்டுமாம்.