பாட்டியின் வெள்ளி ரூபாய்கள்: விற்பதா, சேர்ப்பதா?

கேள்வி (மாதுங்கா, மும்பை):
பாட்டியின் சுருக்குப்பையில் 1918, 1941 ஆம் ஆண்டுகளின் வெள்ளி ரூபாய்கள் இருந்தன. கறுத்துப்போன அவற்றைப் புளி போட்டுத் துலக்கி ஜவேரி பஜாரில் எடைக்கு விற்கலாமா, அல்லது இவற்றைக் கொண்டே சேகரிப்பைத் தொடங்கலாமா?

பதில் 1:
தயவுசெய்து துலக்காதீர்கள். கறுப்போடு சேர்ந்து நாணயத்தின் மேற்பரப்பும் தேய்ந்துவிடும். சேகரிப்பவர்கள் அதைப் பார்த்த மாத்திரத்தில் விலையைக் குறைப்பார்கள். இரண்டும் 11.66 கிராம் எடையுள்ளவை என்றாலும், 1918 ரூபாயில் 91.7 விழுக்காடு வெள்ளி உண்டு. 1941 ரூபாயில் பாதிதான். ஆகவே, இரண்டையும் ஒரே விலைக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

பதில் 2:
பாட்டி பொத்திவைத்ததை விற்க எனக்கு மனம் வராது. தங்கமும் சேர்க்க விரும்பினால், 1918இல் நம் மும்பை நாணயச்சாலையிலேயே அச்சான சவரனைத் தேடுங்கள். ஆண்டுக்கு மேலே ஆங்கில 'ஐ' எழுத்து, பூதக்கண்ணாடியில் தெளிவாகத் தெரியும்.

கேட்டவர்:
நன்றி ஐயா. புளியை எடுத்து வைத்துவிட்டேன்.