பெருவிரல் நகச்சொத்தை: நேராக மாத்திரையா?

கேள்வி:
அம்மாவுக்கு 58 வயது, சர்க்கரை உண்டு. வலது கால் பெருவிரல் நகம் ஓரத்திலிருந்து மஞ்சளாகி, தடித்து, வெட்டினால் மாவு மாதிரி உதிர்கிறது. வலி இல்லை. மருந்துக்கடையில் கொடுத்த க்ரீமை இரண்டு மாதம் தடவியும் பலனில்லை. மருதாணி வைத்து மறைத்துக்கொள்கிறார். பூஞ்சையைக் கொல்லும் டெர்பினாஃபின் மாத்திரை தொடங்கிவிடலாமா?

பதில்:
முதலில் பரிசோதனை செய்யுங்கள். இப்படிக் கெட்டுப்போன நகங்களில் ஏறக்குறைய பாதிதான் பூஞ்சை. மற்றவை சொரியாசிஸ் என்ற செதில் உதிரும் தோல் நோய், செருப்பு இடித்து இடித்து வந்த தடிப்பு என்று வேறு காரணங்கள். விரல் இடுக்கில் தோல் வெள்ளையாக ஊறி உரிகிறதா, உள்ளங்காலில் பொடிப்பொடியாகச் செதில் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் பூஞ்சைக்கே வாய்ப்பு அதிகம். சேற்றுப்புண்ணிலிருந்துதான் பெரும்பாலும் நகத்துக்கு ஏறுகிறது. கை நகங்களில் ஊசியால் குத்தியது போலக் குழிகள் தெரிந்தால் சொரியாசிஸைச் சந்தேகிக்க வேண்டும். நகத்தில் கறுப்புக் கோடு அகலமாகிக்கொண்டே வந்தாலோ, பக்கத்துத் தோலுக்கும் கறுமை பரவினாலோ ஒரு நாளும் தள்ளிப்போடாதீர்கள். அது புற்றுநோயாகவும் இருக்கலாம்.

கே.ஓ.எச். சோதனைக்கு (நகத்துகளை ரசாயனத்தில் ஊறவைத்து மைக்ராஸ்கோப்பில் பூஞ்சையைத் தேடுவது) நக நுனியை மட்டும் வெட்டிக் கொடுத்தால் பூஞ்சை இருந்தும் 'இல்லை' என்று வரலாம். கெட்ட பகுதியும் நல்ல பகுதியும் சேரும் இடத்தில், நகத்தின் அடியிலிருந்து சுரண்டி எடுக்கச் சொல்லுங்கள். கல்ச்சர் (பூஞ்சையை ஆய்வகத்தில் வளர்த்துப் பார்ப்பது) முடிவு வர 3 முதல் 4 வாரம் ஆகும். க்ரீம் தடவியதை டாக்டரிடம் சொல்லிவிடுங்கள், அதுவும் முடிவை மாற்றும்.

பதில் (மருந்தாளுநர்):
தோலுக்கான க்ரீம் நகத்தை ஊடுருவாது, அதனால்தான் பலனில்லை. அந்த ட்யூபைத் திருப்பிப் பாருங்கள். க்ளோபெட்டசால், பெக்லோமெத்தசோன் என்று இருந்தால் அது ஸ்டீராய்டு கலந்தது. அரிப்பை அடக்கிவிட்டுப் பூஞ்சையை வளர்க்கும். இன்றே நிறுத்துங்கள்.

பூஞ்சை உறுதியானால் வழக்கமான அளவு டெர்பினாஃபின் 250 மி.கி., தினம் ஒன்று, 12 வாரம். தொடங்கும் முன் கல்லீரல் ரத்தப் பரிசோதனை கட்டாயம். இடையில் சிறுநீர் கருத்தாலோ, கண் மஞ்சளானாலோ, நாக்கில் சுவை போனாலோ நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். அதற்குப் பதில் இட்ராகொனசோல் என்ற இன்னொரு பூஞ்சை மாத்திரையை எழுதினால், கொழுப்பு மாத்திரை சாப்பிடுகிறாரா, இதயச் செயலிழப்பு உண்டா என்பதைச் சொல்லியே ஆகவேண்டும். சிம்வாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையோடு அது சேரவே கூடாது.

நகத்தின் வேர்ப்பக்கம் சுத்தமாக இருந்து நுனிப்பக்கம் மட்டும் கெட்டிருந்தால் அமோரால்ஃபின் 5% என்ற பூஞ்சை மருந்து நகப்பூச்சு போதுமா என்று கேளுங்கள். வாரம் ஒருமுறை அரத்தால் மேல்பரப்பைத் தேய்த்து, ஸ்பிரிட்டால் துடைத்து, பூசிக் காயவிட வேண்டும். 9 முதல் 12 மாதம் விடாமல் செய்யவேண்டும். அந்த அரம் நல்ல நகத்தில் படக்கூடாது. சர்க்கரையால் காலில் உணர்ச்சி குறைந்திருந்தால் தேய்ப்பதும் வெட்டுவதும் வீட்டில் வேண்டாம்.

கேட்டவர்:
நன்றி சார். 12 வாரம் முடிந்த பிறகும் நகம் மஞ்சளாகவே இருந்தால் மருந்து வேலை செய்யவில்லை என்று அர்த்தமா?

பதில்:
இல்லை. கெட்ட நகம் திரும்ப நல்லதாகாது, வளர்ந்து வெளியே தள்ளப்படும். கால் நகம் மாதம் சுமார் ஒன்றரை மி.மீ.தான் வளரும்; பெருவிரல் நகம் முழுதும் மாற 12 முதல் 18 மாதம். மாத்திரை நின்ற பிறகும் மருந்து நகத்தில் சில மாதம் தங்கியிருக்கும். கெட்டதும் நல்லதும் சேரும் எல்லையில் நகத்தின் மேல்பரப்பில் மட்டும் லேசாக ஒரு கோடு கீறச் சொல்லுங்கள். மாதாமாதம் ஒரே வெளிச்சத்தில் போட்டோ எடுங்கள். கோடு நுனியை நோக்கி நகர்ந்து, அதன் பின்னால் தெளிவான இளஞ்சிவப்பு நகம் வந்தால் மருந்து வேலை செய்கிறது. மஞ்சள் நிறம் அந்தக் கோட்டைத் தாண்டி வேர்ப்பக்கம் ஏறினால் மறுபடி டாக்டர். மருதாணி வைத்தால் இதெல்லாம் கண்ணுக்கே தெரியாது, அதனால் இப்போதைக்கு வேண்டாம்.

சேற்றுப்புண் இருந்தால் அதற்கும் கூடவே மருந்து போடுங்கள், வீட்டில் யாருக்கு இருந்தாலும் சேர்த்து. இல்லையென்றால் குணமான நகத்துக்கே திரும்பி வரும். குளித்ததும் விரல் இடுக்கைத் தனித் துண்டால் ஒற்றி எடுக்க வேண்டும், நகவெட்டி அவருக்கென்று தனி. மூடிய செருப்பை ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டால் உள்ளே காய நேரம் கிடைக்கும். நகத்தைச் சுற்றிச் சிவந்து, வீங்கி, சூடாக இருந்தால் அது பாக்டீரியா புகுந்த அறிகுறி. சர்க்கரை உள்ளவருக்கு அன்றே காட்டவேண்டியது.