மறு: ‘ஸ்லிப் ஆங்கிள்’ – ‘சறுக்குக் கோணம்’ வேண்டாம்

> கணினியில் ஆடும் கார்ப்பந்தயப் பாவனை ஆட்டங்களுக்கான தமிழ்க் கையேட்டில் ‘ஸ்லிப் ஆங்கிள்’ வரும் இடங்களிலெல்லாம் ‘சறுக்குக் கோணம்’ என்று போட்டிருக்கிறேன். மாற்றுக் கருத்து இருந்தால் சொல்லுங்கள்.

குளச்சல் அண்ணனுக்கு வணக்கம்.

வரைவை முழுவதும் படித்தேன். பிரேக், கியர், டயர் ஆகியவற்றை அப்படியே விட்டது நல்லது. ஆனால் இந்த ஒரு சொல்லை ஏற்க முடியவில்லை.

வளைவில் ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் சக்கரம் பார்க்கும் திசை ஒன்று, அது உண்மையில் நகரும் திசை மற்றொன்று. இடையிலுள்ள கோணம்தான் நம் பேச்சுக்குரியது. அது சிறியதாக இருக்கும்வரை டயரின் பெரும்பகுதி சறுக்குவதே இல்லை. தரையைத் தொடும் பகுதியின் முன்விளிம்பில் ரப்பர் சாலையைப் பற்றிக்கொள்கிறது. சக்கரம் உருள உருள, பற்றிய ரப்பர் பக்கவாட்டில் இழுபடுகிறது. பின்விளிம்பை நெருங்கும்போதுதான் பிடி விட்டுத் தன் இடத்துக்குத் திரும்புகிறது. காரை வளைவுக்குள் திருப்பும் விசை இந்த இழுபடலில்தான் பிறக்கிறது. பிடிப்பைத் தருகிற ஒன்றுக்குச் சறுக்கல் என்று பெயர் வைத்தால் படிக்கிற பிள்ளை தலைகீழாகப் புரிந்துகொள்ளும். குலசேகரம், பேச்சிப்பாறைப் பக்கம் ரப்பர் பால் வெட்டும் வீடுகளிலிருந்து வரும் என் மாணவர்களுக்கு, ரப்பர் இழுபடும் என்பதை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. பெயர்தான் அவர்களைக் குழப்பும்.

இந்த ஆட்டங்களில் இது ஓரத்துச் செய்தியும் அன்று. 1984இல் ஜெஃப் கிராமண்ட் பிபிசி மைக்ரோ கணினிக்கு ‘ரெவ்ஸ்’ என்ற ஆட்டத்தை எழுதினார். 1989இல் பாப்பிரஸ் நிறுவனத்தின் ‘இண்டியானாபொலிஸ் 500’ வந்தது. அதே நிறுவனம் உருவாக்கி 1998இல் வெளிவந்த ‘கிராண்ட் பிரி லெஜண்ட்ஸ்’ 1967ஆம் ஆண்டின் ஃபார்முலா 1 கார்களை எடுத்துக்கொண்டது. காற்றின் விசையால் காரைத் தரையோடு அழுத்தும் இறக்கைகள் வருவதற்கு முந்தைய கார்கள் அவை. டயரின் பிடிப்பு ஒன்றே துணை. புதிதாக ஆடியவர்கள் முதல் வளைவிலேயே சுழன்று நின்றார்கள். அதைப் படைத்தவர்களில் ஒருவரான டேவ் கேமர் பின்னர் இணைந்து தொடங்கிய ‘ஐரேசிங்’ என்ற இணையவழிப் பந்தய ஆட்டம் 2008இல் திறக்கப்பட்டது. டயர்க் கணக்கை அங்கே இன்றும் திருத்திக்கொண்டே இருக்கிறார்கள். ஹாலந்து நாட்டுப் பொறியாளர் ஹான்ஸ் பசெய்க்காவின் டயர் விசைச் சூத்திரத்தைப் பல ஆட்டங்கள் கையாண்டன. அதற்கு உள்ளே போகும் முதன்மையான எண்களில் ஒன்று இந்தக் கோணம். பாவனை ஆட்டங்களின் வரலாற்றையே இந்தக் கோணத்தை மேலும் மேலும் சரியாகக் கணக்கிட முயன்ற வரலாறாக எழுதிவிடலாம் என்பது என் கருத்து.

ஆடுபவரின் கைக்கும் இதுவே வழிகாட்டி. பல டயர்களில் 5 முதல் 10 பாகைக்குள் பக்கவாட்டுப் பிடிப்பு உச்சத்தை எட்டும். அதற்குச் சற்று முன்பே ஸ்டீயரிங்கின் கனம் குறையத் தொடங்கும். நாற்காலியில் அமர்ந்து ஆடுபவருக்கு உடம்பில் எந்தத் தள்ளலும் தெரியாது. கையில் உணரும் அந்தத் தளர்ச்சிதான் எச்சரிக்கை.

‘விலகு கோணம்’ என்று தக்கலை நண்பர் சொன்னதையும் எண்ணிப் பார்த்தேன். பள்ளிப் பாடநூலில் ஒளிவிலகலுக்கு அது ஏற்கெனவே வழங்குகிறது. இரண்டும் இயற்பியலே என்பதால் மோதும்.

என் பரிந்துரை ‘ஒதுங்கு கோணம்’. கச்சான் காற்று பக்கத்திலிருந்து தள்ளும்போது வள்ளத்தின் அணியம், அதாவது முன்முனை, முட்டம் ஊரைப் பார்த்தபடியே இருக்கும், வள்ளமோ கரைப்பக்கமாக ஒதுங்கிக்கொண்டே போகும். முகம் ஒரு திசை, போக்கு ஒரு திசை. டயருக்கும் இதுதான் நேர்கிறது. ‘படுகோணம்’ போல வினைத்தொகையாகவும் அமைகிறது.

இந்த வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “ஒதுங்கு கோணம் எல்லை கடந்தால் டயர் சறுக்கத் தொடங்கும்.” உங்கள் சொல்லை வைத்தால் இந்த வாக்கியத்தை எழுதவே முடியாது. கையேட்டுக்கு மிகத் தேவையான வாக்கியமே இதுதான்.

– நாகர்கோவிலிலிருந்து

---

டீச்சர், வணக்கம்.

வாக்கியச் சோதனையை ஏற்கிறேன். ஒரு தயக்கம் மட்டும். ‘மழைக்கு ஒதுங்கினான்’, ‘வழிவிட்டு ஒதுங்கினான்’ என்பதில் ஒதுங்குபவரின் விருப்பம் இருக்கிறது. டயருக்கு ஏது விருப்பம்?

இன்னொன்று: பிரேக் பிடிக்கும்போது சக்கரத்தின் சுழற்சி காரின் வேகத்துக்குப் பின்தங்குகிறதே, அந்த ‘ஸ்லிப் ரேஷியோ’வை என்ன செய்வது?

– குளச்சலிலிருந்து

---

அண்ணன்,

‘கரை ஒதுங்கிய திமிங்கிலம்’ என்று செய்தித்தாள்கள் எழுதுகின்றன. அங்கே விருப்பம் எதுவும் இல்லை. நீரின் போக்குதான் ஒதுக்குகிறது. ஆகவே சொல் தாங்கும்.

‘ஸ்லிப் ரேஷியோ’வுக்கு ‘ஒதுங்கு விகிதம்’ பொருந்தாது. அங்கே பக்கவாட்டு நகர்வு இல்லை, சுழற்சிக்கும் ஓட்டத்துக்கும் உள்ள வேறுபாடுதான் இருக்கிறது. பிரேக்கில் பின்தங்கும், முடுக்கும்போது முந்தும். இரண்டுக்கும் பொதுவாகச் ‘சுழற்சி வேறுபாட்டு விகிதம்’ எனலாம். நீளம்தான், ஆனால் பொய் சொல்லாத சொல். சுருக்கமானது கிடைக்கும்வரை அதையே வையுங்கள். ‘சறுக்கல்’ என்பதை டயர் முற்றாகப் பிடி இழக்கும் நிலைக்கு மட்டும் ஒதுக்கிவிடுவோம். டயர் அத்தியாயத்தை அப்படித் திருத்தி அனுப்பினால், படங்களில் வரும் பெயர்களை நான் மாற்றித் தருகிறேன்.

– நாகர்கோவிலிலிருந்து