‘லாஸ்ட் கிஸ்’ பாடலும் பார்ன்ஸ்வில் விபத்தும்: எது முந்தியது?

பழந்தட்டுப் பிரியன் (மயிலாப்பூர்):
சாலை விபத்துப் பாடல்களைப் பற்றி நேற்று இங்கே எழுதிய வடசென்னைக்காரன், கார் விபத்தில் காதலியை இழந்தவன் பாடுவதாக வரும் ஆங்கிலப் பாடலான ‘லாஸ்ட் கிஸ்’, 1962 டிசம்பரில் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் பார்ன்ஸ்வில் அருகே நடந்த கார் விபத்தை வைத்தே எழுதப்பட்டது என்று அடித்துச் சொல்லியிருக்கிறார். படித்தது முதல் எனக்கு மனம் ஆறவில்லை. அதை எழுதிய பாடகர் வெய்ன் காக்ரன் அந்தப் பாடலை முதன்முதலில் பதிவு செய்தது 1961இல். மறு ஆண்டு சாகப்போகிறவர்களுக்கு முன்கூட்டியே ஒப்பாரி எழுதி வைத்தாரா? ‘அருமை, அருமை’ என்று பின்னூட்டம் இட்டவர்களில் ஒருவராவது ஆண்டைச் சரிபார்த்தீர்களா?

வடசென்னைக்காரன்:
ஐயா, 1961இல் வந்த இசைத்தட்டு எடுபடவில்லை என்பதை ஏன் மறைக்கிறீர்கள்? காக்ரன் 1963இல் அதை மீண்டும் பாடிப் பதிவு செய்தார். அந்த விபத்தில் இறந்த பதினாறு வயதுப் பெண்ணுக்கே அதைக் காணிக்கையாக்கினார். அதன் பிறகுதான் 1964இல் ஜே. ஃபிராங்க் வில்சனும் கவாலியர்ஸ் குழுவினரும் பாடி, பில்போர்டு இதழின் பாடல் தரவரிசைப் பட்டியலில் இரண்டாம் இடம் வரை கொண்டுபோனார்கள். உலகம் அறிந்த ‘லாஸ்ட் கிஸ்’ விபத்துக்குப் பிந்தையதுதான்.

பழந்தட்டுப் பிரியன்:
காணிக்கையாக்குவது வேறு, கருவாகக் கொள்வது வேறு. ‘வைத்தே எழுதப்பட்டது’ என்பது நீங்கள் எழுதிய சொல். எழுதப்பட்டது 1961க்குள்.

இந்த வகைப் பாடல்கள் எப்படிப் பிறந்தன என்று தெரிந்தால் இவ்வளவு பிடிவாதம் வராது. 1960இல் ‘டீன் ஏஞ்சல்’ முதலிடம் பிடித்தது. அந்தப் பாட்டில், தண்டவாளத்தில் கார் நின்றுவிட, காதலன் வெளியே இழுத்துக் காப்பாற்றிய பெண் ஒரு மோதிரத்துக்காகத் திரும்ப ஓடிச் சாகிறாள். அந்த வெற்றியைக் கண்ட இசைத்தட்டு நிறுவனம், ‘டெல் லாரா ஐ லவ் ஹர்’ பாடலை அதே அச்சில் மாற்றித் தரும்படி கேட்டது. ஜெஃப் பாரி முதலில் எழுதியிருந்தது மாடு அடக்கும் போட்டியைப் பற்றி. அதுவே பிறகு, கல்யாண மோதிரம் வாங்கப் பணம் வேண்டிக் கார்ப் பந்தயத்தில் இறங்கி உயிரை விடும் இளைஞனின் கதையாயிற்று. மாட்டைக் காராக்கிய தொழில் இது. இதில் ஒவ்வொரு பாட்டுக்கும் ஓர் உண்மைச் சாவைத் தேடிக் கொண்டுவருவது, செத்தவர்களுக்கும் செய்யும் அவமரியாதை.

அடையாறு ரசிகை:
அப்படியானால் கார்ப் பந்தய விபத்தைப் பாடும் ‘டெட் மேன்ஸ் கர்வ்’ பாடலை என்ன சொல்வீர்கள்? அந்தப் பாட்டு வெற்றிபெற்றது 1964இல். அதைப் பாடிய ஜான் பெர்ரி 1966 ஏப்ரலில், பாட்டில் வரும் சன்செட் புலவார்டு சாலைக்கு அருகிலேயே காரை மோதி, மூளையில் அடிபட்டு, பேச்சையும் நடையையும் புதிதாகக் கற்க வேண்டியவரானார். பாட்டும் விபத்தும் ஒன்றையொன்று தொடுவதை ஆண்டுக் கணக்கால் மட்டும் அளந்துவிட முடியாது. ‘லீடர் ஆஃப் தி பேக்’ பாடலையும் நீங்கள் கணக்கிலேயே எடுக்கவில்லை.

பழந்தட்டுப் பிரியன்:
அம்மா, ‘லீடர் ஆஃப் தி பேக்’ பாட்டில் உறுமுவது மோட்டார் சைக்கிள். இங்கே பேச்சு காரைப் பற்றியது. ஜான் பெர்ரியின் கதை என் கட்சிக்கே சாட்சி: பாட்டு முந்தி, விபத்து பிந்தி. 1961 முந்தி, 1962 பிந்தி.

அடையாறு ரசிகை:
தண்டவாளத்தில் ரயில் மோதியதைக் கார் விபத்தாகச் சேர்த்துக்கொண்டவர், மோட்டார் சைக்கிளை வாசலிலேயே நிறுத்துகிறார். நல்ல நியாயம்.

வடசென்னைக்காரன்:
எங்கள் பக்கத்தில் மரண கானாவை ஒரு நாளாவது உட்கார்ந்து கேட்டிருந்தால் ஐயா இப்படிப் பேசமாட்டார். கண்டெய்னர் லாரியில் அடிபட்டுச் செத்தவன் வீட்டுப் பந்தலில், கானா பாடுபவர் முதலில் வீட்டாரிடம் உட்கார்ந்து அவன் பெயர், வேலை, பிள்ளைகளின் பெயர் எல்லாம் கேட்டுக்கொள்வார். மெட்டு ஏற்கெனவே இருப்பது. பத்துச் சாவில் பாடியது. அந்தப் பெயர்கள் உள்ளே விழுந்ததும் அது அவனுடைய பாட்டாகிவிடும். ‘மெட்டு பழையது, ஆகவே இது உன் மகனைப் பற்றியது அல்ல’ என்று அந்தத் தாயிடம் போய்ச் சொல்வீர்களா? 1963இல் காக்ரன் செய்ததும் அதுதான்.

பழந்தட்டுப் பிரியன்:
கானாவில் பெயர் இருக்கிறது, நீங்களே சொல்லிவிட்டீர்கள். ‘லாஸ்ட் கிஸ்’ பாட்டில் எந்தப் பெண்ணின் பெயரும் இல்லை, பார்ன்ஸ்வில் இல்லை. அப்பாவின் காரில் போனார்கள், எதிரே ஒரு கார் பழுதாகி நின்றது, அவ்வளவுதான். அந்தப் பொதுத்தன்மையால்தான் பேர்ல் ஜாம் ராக் குழு 1999இல் அதைப் பாடி மறுபடியும் இரண்டாம் இடத்துக்கு ஏற்றி, வருவாயைக் கொசோவோ அகதிகளுக்குத் தர முடிந்தது. மரண கானாவை நான் மதிக்கிறேன். ஆனால் தேதி தவறிய ஒரு வாக்கியத்துக்கு முட்டுக்கொடுக்க அதை இழுத்து வராதீர்கள். கொலைச் சம்பவங்களைப் பாடும் கொலைச்சிந்தைப் பற்றி இங்கே நடந்த விவாத இழையிலும் இதையேதான் செய்தீர்கள்.

வடசென்னைக்காரன்:
கொலைச்சிந்து இழையில் மூர் மார்க்கெட் பழைய புத்தகக் கடைகளைப் பற்றி நான் எழுதியதை, ஆதாரம் கொடு என்று ஒரு வாரம் துரத்தியவர் நீங்கள். அதை நான் மறக்கவில்லை. மயிலாப்பூரில் தட்டு சேர்ப்பவர்களுக்கு உறையில் அச்சிட்ட ஆண்டு மட்டுமே கண்ணில் படுகிறது.

பழந்தட்டுப் பிரியன்:
ஆம், படுகிறது, அதற்காகத்தான் அச்சிடுகிறார்கள். 1961. நேற்றைய பதிவின் முதல் வரியைத் திருத்துங்கள்.

வடசென்னைக்காரன்:
திருத்தப் போவதில்லை.

பழந்தட்டுப் பிரியன்:
அப்படியானால் அதன் கீழே ஒவ்வொரு நாளும் 1961 என்று எழுதுவேன்.