பிளாஸ்டிக் ரோடு ப்ராஜெக்ட்டுக்கு உதவி வேணும்

அண்ணே அக்கா எல்லாருக்கும் வணக்கம். திருமங்கலம் பக்கம் ஒரு தனியார் காலேஜ்ல சிவில் கடைசி வருசம் படிக்கிறேன், ப்ராஜெக்ட் பிளாஸ்டிக் ரோடு. நம்ம தியாகராசர் இன்ஜினியரிங் காலேஜ் வாசுதேவன் சார் கண்டுபிடிச்சு 2018ல பத்மஸ்ரீ வாங்குனாரே, அதே முறைதான். 160 டிகிரி போல சூடாக்குன ஜல்லி மேல பொடிசா வெட்டுன பிளாஸ்டிக்க தூவுனா அது உருகி கல்லச் சுத்தி தோல் மாதிரி ஒட்டிக்கிரும், அதுக்கப்புறம்தான் தாரு ஊத்திக் கலப்பாங்க, கல்லுக்குள்ள தண்ணி எறங்காது அதனால மழைக்கு லேசுல பேந்து வராது.

எனக்குத் தெரிய வேண்டியது என்னன்னா, வருசக்கணக்கா டயர் தேய்ச்சுத் தேய்ச்சு ரோட்டுல இருந்து மைக்ரோபிளாஸ்டிக், அதாவது பொடிப்பொடி பிளாஸ்டிக் துகள், மழைத்தண்ணியோட கண்மாய்க்குப் போகுதா? தாரு மூடியிருக்கு, வராதுன்னு சொல்றாங்க, ஆனா எங்க ஊரு ஆடுமாடு குடிக்கிறது அந்தக் கண்மாய்த் தண்ணிதான், அளந்து பாக்காம மனசு ஒப்பல.

இதப்பத்தின ஆராய்ச்சி பேப்பர் நெறைய காசு கட்டித்தான் படிக்கணும். மத்திய அரசு 2025 ஜனவரில ஆரம்பிச்ச 'ஒரே நாடு ஒரே சந்தா' திட்டத்துல கிட்டத்தட்ட 13,000 ஜர்னல் இருக்கு, ஆனா அது அரசு நிறுவனங்களுக்குத்தான், எங்களுக்கு லாகின் கெடையாது. காமராசர் யுனிவர்சிட்டில யாராச்சும் இருந்தா, லைப்ரரில வந்து உக்காந்து படிக்க யார்கிட்ட பெர்மிஷன் கேக்கணும்னு சொல்லுங்க.

அப்புறம் தண்ணிய வடிகட்டி பிளாஸ்டிக்க ஒளிர வைக்கிற நைல் ரெட் சாயம் போட்டுப் பாக்க ஃப்ளோரசன்ஸ் மைக்ராஸ்கோப் ரெண்டு நாளைக்கு வேணும். மதுரைக்குள்ள எந்த லேப்ல விடுவாங்க? மழைக்கு முன்னாடி ஒரு தடவையாச்சும் சாம்பிள் எடுத்துறணும்.