அரை ஆயுட்காலம்: 7.5ஆ, 7.07ஆ?

கேள்வி: கதிரியக்க அயோடின்-131இன் அரை ஆயுட்காலம் (இருப்பதில் பாதி சிதையும் காலம்) 8 நாள். 40 மி.கி. எடுத்தால் 20 நாளில் எவ்வளவு மிஞ்சும்? 16ஆம் நாள் 10, 24ஆம் நாள் 5. நடுவில் 7.5 என்று போட்டேன். விடைத்தாளில் 7.07. எங்கே தப்பு?

பதில்: நடுவில் பிளந்ததுதான் தப்பு, தம்பி. சிதைவு நேர்கோட்டில் இறங்காது. இருப்பதில் தினமும் சுமார் 8.3 சதவீதம் போகும். 16ஆம் நாளிலிருந்து எழுதிப் பாருங்க: 10, 9.17, 8.41, 7.71, 7.07. முதல் நாள் 0.83 போச்சு, நாலாம் நாள் 0.64தான். இருப்பு குறையக் குறைய இழப்பும் குறையுது. பாதி அரை ஆயுளுக்கு (4 நாளுக்கு) 2ஆல் அல்ல, 2இன் வர்க்கமூலத்தால் வகுக்கணும்: 10 ÷ 1.414.

பதில்: சூத்திரத்திலும் அதேதான்: மிச்சம் = தொடக்க அளவு × e^(−சிதைவு மாறிலி × காலம்). சிதைவு மாறிலி 0.693 ÷ 8 = நாளுக்கு 0.0866. காலத்தை மணியில் போட்டால் விடை கெட்டுவிடும். 10 அடிமான மடக்கை (log) எடுத்தால் அதை 2.303ஆல் பெருக்க மறக்காதீங்க, பலர் மதிப்பெண் இழப்பது இங்கேதான்.

பதில்: ஒன்று சேர்க்கிறேன். போன 32.93 மி.கி. மாயமாகவில்லை, பீட்டா துகளை உமிழ்ந்து செனான்-131 ஆகிவிட்டது. குப்பியைச் சூடாக்கினாலும் இந்த 8 நாள் மாறாது.