கல்லீரல் சீழுக்கு பிக்டெயில் (நுனி சுருண்ட வடிகுழாய்) போட்ட பிறகு வந்த அபூர்வச் சிக்கல்கள்: பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மாட்டுங்கா சிஸ்டர்:
பெருங்குடல் கேன்சர், கீமோ நடுவில் வலது மடலில் சீழ். 12 பிரெஞ்ச் (குழாய் தடிமன் அளவு) டியூப். ஒரு வாரத்தில் காய்ச்சல் விட்டது, பையில் நாளைக்கு 15 மில்லிதான். எட்டாம் நாள் விடியற்காலை பை முழுக்கச் செக்கச்செவேலென்று ரத்தம், கூடவே கறுப்பு மலம். ஜூனியர் டாக்டர் டியூபை உருவக் கை வைத்துவிட்டார். உருவியிருந்தால் கொட்டியிருக்கும், ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததே அந்த டியூப்தான். கிளாம்ப் போட்டு, ரத்தம் ஏற்றிக்கொண்டே சிடி ஆஞ்சியோ (சாயம் செலுத்தி ரத்தக் குழாய்களைப் பார்க்கும் ஸ்கேன்). தமனிக் கிளையில் சூடோ அனியூரிசம் (சுவர் கிழிந்து உண்டான ரத்தப் பை), காயில் (மெல்லிய கம்பிச் சுருள்) வைத்து அடைத்தார்கள்.

செம்பூர் ஐஆர் (ஸ்கேன் பார்த்துக் குழாய் போடும் பிரிவு) டெக்:
சிஸ்டர், ஆஞ்சியோ சுத்தமாக வந்தாலும் நம்பக் கூடாது. டியூப் அழுத்துவதால் கசிவு தெரியாது. கைடு ஒயர் விட்டு, அதன் மேலேயே டியூபைப் பின்னுக்கு இழுத்து மறுபடி சாயம் செலுத்தணும். பாய்ந்தால் அதே ஒயரில் டியூபை உடனே ஏற்றிவிடலாம்.

முலுண்ட் வார்டு:
ரத்தத்தையே பேசுறீங்க. கணைய கேன்சர், பித்தக்குழாயில் ஸ்டென்ட் இருந்த ஒருவருக்குச் சீழ் வற்றின பிறகும் தினம் 200 மில்லி பச்சையாக வந்தது. பைத் திரவத்தில் பிலிருபின் (பித்த நிறமி), ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு, அதாவது பித்தக் கசிவு. அடைத்த ஸ்டென்ட்டை மாற்றின பிறகுதான் குறைந்தது.

டியூபோடு வீட்டுக்கு அனுப்புறவங்க இதையும் சொல்லி அனுப்புங்க. டியூபை ஃப்ளஷ் பண்ண (அடைக்காமல் கழுவிவிட) 10 மில்லி ஸலைன், 8 மணி நேரத்துக்கு ஒரு தடவை, மெதுவாக. தடுத்தால் அழுத்தித் தள்ளக் கூடாது. தள்ளினால் கிருமி ரத்தத்தில் ஏறி, கொஞ்ச நேரத்தில் பல் கிட்டும் நடுக்கம் வரும். பையில் ரத்தம் தெரிந்தால் ஃப்ளஷ்ஷே வேண்டாம், நேரே ஆஸ்பத்திரி. லோக்கல் ரயிலில் நெரிசல் என்று பையைத் தோளில் மாட்டுறாங்க, அது இடுப்புக்குக் கீழேதான் தொங்கணும். விலா இடுக்கு வழியாகப் போட்ட டியூப் என்றால், வலது தோள்வலி, மூச்சுத்திணறலைச் சாதாரணமாக விடாதீங்க. நுரையீரல் உறையில் சீழ் கட்டியிருக்கலாம், மார்பு எக்ஸ்ரே எடுங்க. கழற்றும்போது நுனியைச் சுருட்டிப் பிடித்திருக்கும் உள்நூலை விடுவித்த பிறகே இழுக்கணும், இல்லாவிட்டால் சுருண்ட நுனி திசுவைக் கிழிக்கும்.

சயான் லேப்:
சீழைக் கல்ச்சருக்கு (கிருமி வளர்த்துப் பார்க்கும் சோதனை) மட்டும் அனுப்பாதீங்க, சைட்டாலஜிக்கும் (கேன்சர் செல் தேடும் சோதனை) ஒரு குப்பி வையுங்க. அழுகின கேன்சர் கட்டியும் ஸ்கேனில் சீழ் மாதிரியே தெரியும். அப்படி டியூப் போட்ட ஒருவருக்கு, நாலு மாசம் கழித்துத் தழும்பிலேயே சுண்டைக்காய் அளவு முடிச்சு. ஊசி குத்தி எடுத்த ஸ்லைடில் அதே கேன்சர்.